ஆறு கைகளும் ஒரு வாத்தும்

வியாழக்கிழமைக்குள் பிரமிடின் சொந்தக்காரர் யாரென்று சொல்லியாக வேண்டும். அன்று அமைச்சர் வருகிறார். தஹ்ஷூர் சாலையின் பள்ளங்களைக்கூட மூடத் தொடங்கிவிட்டார்கள்.

பிரமிடு என்றால் வெளியாள் அண்ணாந்து பார்ப்பான். இதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். மேலே இருந்ததையெல்லாம் அந்தக் காலத்திலேயே கல்லுக்காக உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது மணலுக்குள் இறங்கும் ஒரு சரிவுப் பாதை, அதன் முடிவில் ஓர் அடைப்புச் சுவர், சுவருக்குப் பின்னால் ஓர் அறை. இத்தனை நாள் இது கண்ணில் படாததற்குக் காரணம், அறுபது வருடம் முன்பு வடக்கே இன்னொரு பிரமிடைத் தோண்டியவர்கள் தங்கள் மண்ணையெல்லாம் இதன் தலையில் கொட்டிவிட்டுப் போனது. நாங்கள் முதல் நான்கு வாரம் அவர்கள் கொட்டியதைத்தான் அள்ளினோம்.

நான் தொல்பொருள் துறை ஆய்வாளர். தோண்டுவது என் வேலை அல்ல. தோண்டுகிறவர்களைப் பார்ப்பது என் வேலை. பழைய எழுத்தையும் படிப்பேன். கடைசியில் ஒரு படிவம் உண்டு. அதில் ‘உரிமையாளர்’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே என் கையெழுத்து இல்லாமல் எதையும் அறிவிக்க மாட்டார்கள்.

அகழாய்வின் தலைவர் டாக்டர் லுத்ஃபி அந்தக் கட்டத்தைப் பென்சிலால் ஏற்கெனவே நிரப்பியிருந்தார். ஓர் அரசனின் பெயர். எந்தப் பட்டியலிலும் இல்லாத அரசன்.

ஆதாரம், உள்ளங்கை அளவு வெண்பளிங்குத் துண்டு ஒன்று. அரசர்களின் பெயரைச் சுற்றி மட்டுமே வரையும் நீள்வட்டம் அதில் பாதி இருந்தது. உள்ளே இரண்டு குறிகள். மீதியை லுத்ஃபி ஊகித்திருந்தார். ‘சரிவுப் பாதைக்குள், அடைப்புச் சுவரின் அடியில்’ என்று அவருடைய குறிப்பு சொன்னது. எடுத்தவர் ரயீஸ் அப்துல் சத்தார். எங்கள் மேஸ்திரி. கிஃப்த் ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே வேலை. அவரோடு முப்பத்தொரு பேர் அந்த ஊரிலிருந்து வந்திருந்தார்கள்.

எனக்கு அந்தத் துண்டின் மேல் நம்பிக்கை இல்லை. அதன் ஒரு பக்கத்தை வெயில் தின்றிருந்தது. சுண்ணாம்பு போல வெளுத்து, தொட்டால் பொடி வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வருடம் இருட்டில் கிடந்த கல்லுக்கு வெயில் எப்படித் தெரியும்? யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் என்றும் நினைத்தேன்.

இதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நிவீன் இறந்து அப்போது நான்கு மாதம். காலையில் தலைவலி என்றாள். நான் வேலைக்குப் போனேன். மாலையில் மருத்துவமனை வராந்தாவில் மூன்று டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார்கள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியை மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். மற்றபடி எதுவும் தோன்றாது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவேன். சாப்பாட்டை வைத்தது பெரும்பாலும் ரயீஸ்தான்.

திங்கட்கிழமை காலை அறை வாசலில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலின் இடப்பக்கக் கல்லில் ஆறு கைகள். காய்ந்து கறுத்த ரத்தத்தில் பதிந்த உள்ளங்கைகள். ஒன்பது நாள் முன்பு அடைப்புச் சுவரில் முதல் கல்லை எடுத்த அன்று ஆடு வெட்டினார்கள். புது வீட்டுக்கு வெட்டுவது போல, புது வண்டிக்கு வெட்டுவது போல. ரத்தத்தில் கையைத் தோய்த்துக் கல்லில் வைத்தார்கள். விதிப்படி இது கூடாது. விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும். எந்த ஆய்வாளரும் தடுப்பதில்லை. மத்தியானம் கறி சாப்பிடுவார்கள். நானும் அங்கேதான் நின்றேன். தடுக்கவில்லை.

டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். அளவுகோலின் நிழல் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக. ஐந்தாவது கைக்கும் சுவருக்கும் நடுவில் தனியாக ஒரு கை இருந்தது. அதன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு சிறு தலை தெரிந்தது. அலகு, கழுத்து. ரத்தத்தின் கறுப்பு அல்ல. செங்காவியின் சிவப்பு.

வாத்து.

கல் சுமந்தவர்கள் கல்லில் காவி மையால் குறிப்பு எழுதுவது உண்டு. எந்த மாதம், எந்தக் குழு, யாருடைய பிரமிடுக்கு. யாருடைய பிரமிடுக்கு என்பதுதான் எனக்கு வேண்டியது. அது ஒரு கைக்குக் கீழே இருந்தது. விரல்களின் நீளம், அகலம், நான்காவது விரலின் அடியில் ரத்தம் படாத மெல்லிய கீற்று ஒன்று, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கீற்றுக்கு எதிரே ‘தோல் மடிப்பு’ என்று எழுதினேன்.

கல்லில் எத்தனையோ இடம் இருந்தது. சரியாக எழுத்தின் மேல் எப்படி ஒரு கை விழும்?

பத்து மணிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த மொச்சை, ரொட்டி, வெங்காயம். நானும் போய் ரயீஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ரயீஸ், அந்தக் கல்லை யாரு பாத்து வெச்சது?”

“எந்தக் கல்லு?”

“கை வெச்ச கல்லு.”

அவர் வெங்காயத்தை முஷ்டியால் குத்தி உடைத்தார். “நான்தான். வெறுங்கல்லு. ஏன், ஆடு கனவுல வந்துச்சா?”

எதிரே இருந்த கந்தீல் சிரித்தான். மண்கூடை தூக்குகிறவர்களில் வாய் அதிகம் உள்ளவன். என்னை மரியாதையாக உஸ்தாத் என்பான். “உஸ்தாத் கனவுல வந்திருந்தா, ஈரலை யாரு தின்னதுன்னுதான் கேட்டிருக்கும்.”

“ஈரலை நீ தின்னே. அது ஆட்டுக்கே தெரியும்,” என்றார் ரயீஸ்.

“வெறுங்கல்லுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“விளக்கு புடிச்சுப் பாத்தேன். தூசிதான் இருந்துச்சு.”

“தூசிக்குக் கீழே?”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “என்ன இருக்கு, மகனே?”

“யார் யாரு கை வெச்சீங்க?”

கந்தீல் வாயைத் திறந்தான். ரயீஸ் அவனைப் பார்த்தார். அவன் ரொட்டியைத் திறந்த வாயில் போட்டுக்கொண்டான்.

“அஞ்சாறு பேரு,” என்றார் ரயீஸ். “யாரு எண்ணுனா?”

ஒரு நாளில் எத்தனை கூடை மண் போயிற்று, அதில் எது யாருடைய கூடை என்று இரவு படுக்கும்போது சொல்லக்கூடியவர். ஆறு கையை எண்ணவில்லையாம். சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. அரசன் துண்டைக் கண்டெடுத்தவர் அவர். வியாழக்கிழமை அமைச்சர் அவருக்குக் கை கொடுப்பார். கல்லில் வேறு பெயர் இருந்தால் அந்தத் துண்டுக்கு மதிப்பு இல்லை. எழுத்தை முதலில் பார்த்தவரும் அவராகவே இருக்கலாம். அதன் மேல் ஒரு கையை வைப்பது எவ்வளவு எளிது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கலாம்.

லுத்ஃபியிடம் போனேன். கூடாரத்தில் அமைச்சர் நிற்கும் இடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாத்தா?” என்று எழுந்தார். “வாத்துக்கு மேல சூரியன் இருக்கும். ‘சூரியனின் மகன்’. அரசனோட பட்டம். முடிஞ்சுது மாஹிர், நீயே கண்டுபிடிச்சுட்டே.”

“சூரியனை நான் பாக்கல, டாக்டர்.”

“விரலுக்குக் கீழே இருக்கும்.”

“விரலுக்குக் கீழே கோரையும் இருக்கலாம். வாத்துக்கு முன்னால கோரைச்செடி இருந்தா ‘அரசனின் மகள்’.”

“கோரையைப் பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப சூரியன்.” உட்கார்ந்தார். பிறகு முகம் மாறியது. “எழுத்து மேல கையா? எவன் வெச்சான்?”

“ரயீஸ் தேர்ந்தெடுத்த கல்லு. யாருன்னு கேட்டா மழுப்புறாரு.”

“எழுது,” என்றார். “இன்னிக்கே எழுது. இருபது வருஷமா எனக்கே மண்ணு வெட்டக் கத்துக்கொடுக்கிறான். நாளைக்கு எழுத்து அழிஞ்சிருந்தா என் தலையில விழக் கூடாது.”

எழுதினேன். நான்கு வரி. ‘மேஸ்திரி அப்துல் சத்தாரின் பொறுப்பில் நடந்த சடங்கில் கல்வெட்டுக்குச் சேதம். திட்டமிட்டு மறைத்திருக்கக்கூடும்.’ இப்படி ஓர் அறிக்கையில் பெயர் வந்தவரை எந்த அகழாய்விலும் பிறகு சேர்ப்பதில்லை. அவர் மகன்களையும் சேர்ப்பதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது எனக்குள் எதுவும் ஆகவில்லை. லுத்ஃபியின் டிரைவர் காகிதத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு, நிவீன் வேலை பார்த்த தொல்பொருள் பழுதுபார்ப்புக் கூடத்துக்குத் தொலைபேசினேன். ரத்தத்தை எடுத்தால்தான் எழுத்து தெரியும்.

புதன்கிழமை காலை மதாம் இன்ஸாஃப் வந்தாள். நிவீனின் மேலதிகாரி. முழங்கால் வலியோடு சரிவுப் பாதையில் இறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் அரசனையோ அரசியையோ ஒரு வசவு வைதாள்.

“நிவீன் புருஷன் கூப்பிட்டதால வந்தேன்,” என்றாள். “லுத்ஃபி கூப்பிட்டிருந்தா அடுத்த மாசம்தான். நீ சாப்பிடறியா?”

“சாப்பிடறேன்.”

“பொய்.” கல்லைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “கழுதைங்களா. இதுக்கு முன்னால நான் புறா எச்சம் எடுத்திருக்கேன், வௌவால் எச்சம் எடுத்திருக்கேன். ஆட்டு ரத்தம் இப்பத்தான்.”

“எதால எடுப்பீங்க?”

“எச்சிலால. வேற எதைப் போட்டாலும் காவி சேர்ந்து வந்துடும். ரத்தத்துக்கு எச்சில்தான். தையல்காரிங்களுக்குத் தெரியும், ஊசி குத்தினா துணியில துப்பித் துடைப்பாங்க.” பஞ்சு சுற்றிய குச்சிகளை வரிசையாக அடுக்கினாள். “அதுக்கு முன்னால வேலை இருக்கு. எடுக்கப் போறது எதுவானாலும் யாரு போட்டதுன்னு பதிவு பண்ணாம நான் எடுக்க மாட்டேன். நேத்து போட்டதானாலும் சரி. ரயீஸ், உங்க ஆளுங்களை வரச் சொல்லுங்க. கை வெச்சவங்க எல்லாரும். வெங்காயம் தின்னவன் தள்ளி நில்லு.”

ரயீஸ் மேலே பார்த்துக் கூப்பிட்டார். நான்கு பேர் இறங்கினார்கள். கந்தீலும் அதில் ஒருவன். ஒவ்வொருவனும் தன் கையைப் பதிவுக்கு அருகில் பிடித்தான். இன்ஸாஃப் படம் எடுத்தாள், பெயர் எழுதினாள். முதல் கை கந்தீல். இரண்டாவது அவன் மச்சான். மூன்றாவது ரயீஸ். அவருடைய சுண்டு விரல் வளைந்தது, பதிவிலும் வளைந்திருந்தது. நான்கு. ஐந்து.

“ஆறாவது?” என்றாள் இன்ஸாஃப்.

நால்வரும் ரயீஸைப் பார்த்தார்கள். சரிவுப் பாதையில் ஏழு பேர் நின்றால் காற்றே இருக்காது.

“ரயீஸ்,” என்றேன். “இது யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது.”

“தெரியும். திங்கட்கிழமையே தெரியும். எழுத்து இருக்குன்னும் தெரியும்.”

“எழுத்து இருக்குன்னு தெரியாது,” என்றார். குரல் உயரவில்லை. “என் அப்பாமேல ஆணை.”

“அப்ப அந்த ஆளு யாரு? எதுக்காக மறைக்கிறீங்க?”

“சொல்லிடுங்க ரயீஸ்,” என்றான் கந்தீல்.

“வாயை மூடு.”

“வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தோம். இவரு உங்க பேரை எழுதிக் கெய்ரோவுக்கு அனுப்பியாச்சு. லுத்ஃபி டிரைவர் நேத்து கடைத்தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டான். நாம மூடுறோம், இவரு எழுதுறாரு. நல்லா இருக்கு.”

ரயீஸ் என்னைப் பார்த்தார். அறிக்கை போனது அவருக்கு அதுவரை தெரியாது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

“எழுதிட்டீங்களா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“அது உங்க கை, உஸ்தாத்,” என்றான் கந்தீல்.

இன்ஸாஃப் கேமராவைக் கீழே இறக்கினாள்.

“இல்லை,” என்றேன். அது நினைத்துச் சொன்னது அல்ல.

“துக்கம் உள்ளவன் கை முதல்ல படணும்னு எங்க வீட்டுல ஒரு வழக்கம்,” என்றார் ரயீஸ். என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார். “புதுசா ஒரு வாசல் திறந்தா, அவன் துக்கம் அந்த வாசல்ல நின்னுடும், வீட்டுக்கு வராதுன்னு. உங்ககிட்ட கேட்டேன். சரின்னீங்க. எதைக் கேட்டாலும் சரிங்கறீங்க, அதுவும் சரின்னீங்க. வலது கையில டார்ச் வெச்சிருந்தீங்க. இடது கையைப் புடிச்சு ரத்தத்துல வெச்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஓரமா வைக்கட்டும்னு விட்டேன்.”

அன்று சட்டைக் கையில் ரத்தம் இருந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்த் துவைத்தேன். எப்படிப் பட்டது என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த மாதங்களில் நிறையப் பேர் பிடித்தார்கள்.

“திங்கட்கிழமை ஏன் சொல்லல?”

“சொல்லி? உங்களுக்கு இருக்கறது போதாதா?”

இன்ஸாஃப் என் இடது கையைப் பிடித்து இழுத்துப் பதிவுக்கு அருகில் வைத்தாள். விரல் நீளம் ஒன்றுதான். நான்காவது விரலில் மோதிரம். பதிவில் அதே இடத்தில் ரத்தம் படாத கீற்று. மற்ற ஐந்து பேரில் மோதிரம் போட்டவர் யாரும் இல்லை. அளவுகோலை ரயீஸ் பிடித்தார். அவள் மூன்று படம் எடுத்தாள்.

“ஆறாவது, மாஹிர்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். “சரி. எல்லாரும் மேல போங்க. நீ இரு. நீ படிக்கணும்.”

ரயீஸும் இருந்தார். அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

அவள் பஞ்சை நாக்கில் வைத்து நனைத்து, உருட்டி எடுத்தாள். தேய்க்கவில்லை. உருட்டினாள். ஒரு குச்சிக்கு ஒரு முறைதான். பழுப்பான பஞ்சு ஒரு தகர டப்பாவில் விழுந்தது. அரை மணி நேரத்தில் ஆள்காட்டி விரல் போயிற்று.

அதற்குக் கீழே ஒரு தண்டு. இரண்டு பக்கமும் இலை.

“கோரை,” என்றேன்.

“சூரியன் இல்லியா?” என்றாள் இன்ஸாஃப்.

“இல்லை. வாத்துக்கு மேலயும் இல்லை.”

நடுவிரல் போயிற்று. வாத்து முழுசாக வந்தது. அவசரமாக எழுதிய வாத்து, நான்கு கோடு. அதன் பின்னால் ரொட்டி வடிவில் ஒரு சின்ன அரைவட்டம். அது இருந்தால் பெண். அரசனின் மகள். இனிச் சந்தேகம் இல்லை.

“பொம்பளைப் பிரமிடா?” என்றார் ரயீஸ். மற்றவர்கள் மேலே போன பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“ஆமாம்.”

“பேரு?”

பெயர் உள்ளங்கைக்குக் கீழே தொடங்கியது. நெஃப்ரு என்று தெளிவாக இருந்தது. அழகு என்று பொருள். அப்படித் தொடங்கும் அரசகுமாரிகள் ஒரு டஜனாவது எனக்கே தெரியும். அடுத்து என்ன வருகிறது என்பதில்தான் அவள் யார் என்பது இருக்கிறது. இன்ஸாஃப் மணிக்கட்டுப் பக்கம் வந்தாள். குச்சி மாற்றினாள். இன்னொரு குச்சி. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

கல் வெறுமையாக இருந்தது. மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்பு இழுபட்டுக் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

“மத்தவங்க கை வெச்சு எடுத்திருக்காங்க,” என்றாள். “நீ வெக்கல. சாய்ஞ்சிருக்கே. உடம்பு பாரம் முழுக்க. இங்க பாரு, கீழே சறுக்கியிருக்கு.”

நான் பார்த்தேன். சறுக்கியிருந்தது.

“மிச்சப் பேரு?” என்றார் ரயீஸ்.

“ரத்தத்தோட போயிருக்கு. கொஞ்சம் அவன் கையில போயிருக்கு,” என்றாள் இன்ஸாஃப்.

லுத்ஃபி பதினொரு மணிக்கு வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு. கல்லைப் பார்த்தார். கோரையை அவரே படித்தார், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரர்தான்.

“இது ஒரு கல்லு,” என்றார். “வேற இடத்துலேர்ந்து எடுத்துப் போட்டிருக்கலாம். பளிங்குத் துண்டு இருக்கே. அரசன் பேரு இருக்கே.”

“துண்டு ஒரு பக்கம் வெயில்ல வெந்திருக்கு, டாக்டர்,” என்றேன். “ரயீஸ், அதை எங்க எடுத்தீங்க?”

“மேல. பழைய மண்ணுல. முத வாரம்.” ரயீஸ் எனக்குப் பதில் சொன்னார், ஆனால் லுத்ஃபியைப் பார்த்துச் சொன்னார். “வடக்குப் பிரமிடுலேர்ந்து அந்தக் காலத்துல கொட்டின மண்ணுல. உங்க கையில குடுக்கும்போதே சொன்னேன், டாக்டர். அடைப்புச் சுவர் அப்ப கண்ணுலயே படல.”

“நீ சொன்னதை எல்லாம் நான் எழுதிக்கணுமா?”

“எழுத வேணாம். வேற எடத்தை எழுதாம இருந்திருக்கலாம்.”

மூன்று நாளாக நான் சந்தேகப்பட்டதில் ஒன்று சரி. துண்டு வெளியிலிருந்து வந்ததுதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருந்தேன்.

லுத்ஃபி என் தோளில் கை வைத்து அறைக்குள் அழைத்துப் போனார். அறை காலி. உடைந்த மரப்பெட்டி ஒன்று மட்டும், எழுத்து இல்லாதது.

“பேரில்லாத ஒரு பொண்ணுக்காக அமைச்சர் வருவாரா, மாஹிர்? யோசி,” என்றார் மெதுவாக. “கட்டத்துல அரசன் இருக்கட்டும். கேள்விக்குறி போட்டுக்கோ வேணும்னா. அடுத்த வருஷம் திருத்திக்கலாம், யாரு பாக்கப் போறா.”

“கை?”

“அறிக்கை போயிடுச்சே. ரயீஸ்னு இருக்கு. இருக்கட்டும். ஆய்வாளரே அரசகுமாரி பேரை அழிச்சான்னு தெரிஞ்சா உன்னை ஒரு கிடங்குல போட்டு ஆயுசுக்கும் பானை எண்ண விடுவாங்க. உனக்கு முப்பத்திரண்டு வயசு. அவனுக்கு அறுபது. இன்னும் எத்தனை வருஷம் தோண்டப் போறான்?”

“அவருக்கு மகனுங்க இருக்காங்க.”

“எல்லாருக்கும் யாராவது இருக்காங்க.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. இருமினார். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

“இப்ப நீ மாத்தி எழுதினாலும் நம்ப மாட்டாங்க,” என்றார். “கிழவனைக் காப்பாத்தப் பாக்குறேன்னுதான் சொல்வாங்க. திங்கட்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு எழுதற ஆய்வாளரை யாரு நம்புவா?”

அது நியாயமான பேச்சு. என்னை நானே நம்பியிருக்க மாட்டேன்.

“படம் இருக்கு,” என்றேன். “என் கையும் பதிவும் பக்கத்துல பக்கத்துல. மதாம் எடுத்திருக்காங்க.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். இன்ஸாஃப் தன் கேமராவைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எதையும் வாங்க முடியாது என்பது கூடத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

லுத்ஃபி மேலே ஏறிப் போனார். அமைச்சருக்குத் தொலைபேச ஒரு நல்ல பொய்யை யோசித்துக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன். அல்லது உண்மையையே சொன்னாரோ என்னவோ. வியாழக்கிழமை அமைச்சர் வரவில்லை.

படிவத்தைக் கூடாரத்துக்குக் கொண்டுபோகவில்லை. அடைப்புச் சுவரிலிருந்து எடுத்த கல் ஒன்றின் மேல் வைத்தேன். லுத்ஃபியின் பென்சிலை அழித்தேன். பேனாவால் எழுதினேன். ரயீஸ் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

“மன்னிச்சுக்கோங்க, ரயீஸ்,” என்றேன்.

“அதைப் பொறவு பாப்போம். என்ன எழுதறீங்கன்னு படிச்சுக் காட்டுங்க.”

“உரிமையாளர்: அரசனின் மகள், நெஃப்ரு என்று தொடங்கும் பெயர் உடையவள். மீதிப் பெயர் அழிந்துவிட்டது.”

“எப்படி அழிஞ்சுது?”

“எழுதறேன்.”

“எழுதுங்க. நிக்கிறேன்.”

எழுதி, வாசித்தேன். “அழிவுக்குக் காரணம்: ஆய்வாளர் மாஹிரின் இடது கை. சடங்கைத் தடுக்காததும் அவரே. திங்கட்கிழமை அறிக்கையில் மேஸ்திரி அப்துல் சத்தாரைப் பற்றிக் கூறியது தவறு. அவர் எதையும் மறைக்கவில்லை.”

“ஒண்ணை மறைச்சேன்,” என்றார் ரயீஸ். “உங்க பேரை. அதையும் போடுங்க. பொறவு எவனாவது வந்து கேட்டா நான் பொய்யனாயிடுவேன்.”

போட்டேன். பேனாவை மூடினேன்.

“கையெழுத்து?”

பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டேன். அவர் குனிந்து, கையெழுத்து அதே பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

“தேதி போடல,” என்றார்.

போட்டேன்.